கழற்றாத ஷூ

மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்புகளை இரண்டு பேராகத்தான் மடிக்க முடியும். ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறி, நடுவே வந்து மூலையோடு மூலை சேர்த்து, மறுபடியும் பின்வாங்க வேண்டும். போக நாலு எட்டு, வர நாலு எட்டு. கேப்டனை அன்று வாட்டியது அந்த எட்டு எட்டுகள்தான். வலது முழங்காலுக்குள் யாரோ ஒரு கூழாங்கல்லை வைத்துத் தைத்துவிட்டது போல இருந்தது.

எதிர்முனையில் நின்றவள் பார்த்துவிட்டாள். "என்னக்கா, நொண்டுற?"

"புதுச் செருப்பு. கடிக்குது."

அந்தச் செருப்புக்கு மூன்று வயது. மறுநாள் விடிந்தால் மலை ஏற வேண்டும். அதனால் அவள் அந்தப் பொய்யைச் சொன்னாள், சொன்ன உடனே அடுத்த விரிப்பை எடுத்து உதறினாள்.

அவளைக் கேப்டன் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். கணவனும் அப்படித்தான், தண்ணீர் கேன் போடுகிறவரும் அப்படித்தான். பதினைந்து வருடங்களுக்கு முன்னால் ஊரின் பெண்கள் ஹாக்கி அணிக்கு அவள் கேப்டன். உடைந்த விரலோடு கடைசி ஆட்டத்தை ஆடிக் கோப்பை வாங்கினாள். கட்டுப் போட்ட விரலோடு கோப்பையைத் தூக்கி நிற்கும் படம் இன்னும் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. அந்த அணிக்கு ஒரு வழக்கம் இருந்தது. மைதானத்தில் இறங்குமுன் வட்டமாக நிற்பார்கள். கேப்டன் "வலி?" என்று கத்துவாள். மற்றவர்கள் ஒரே குரலில் "இல்ல!" என்று கத்துவார்கள். எதிரணி அதைக் கேட்டே பாதி பயந்துவிடும் என்பார்கள்.

அந்த வழக்கம் இப்போதைய சிறுமிகள் அணிவரைக்கும் வந்து சேர்ந்திருந்தது. கேப்டனின் பதின்மூன்று வயது மகளும் அதில் ஆடினாள். போன வருடம் அவள் பாதத்தில் எலும்பு விரிசல் விட்டு, அதோடு பதினேழு நாள் ஆடியிருக்கிறாள். அந்தப் பதினேழு நாளும் காலுறையோடுதான் படுத்தாள். குளிர்கிறது போல என்று நினைத்த கேப்டன், போர்வையை இழுத்து விட்டுப் போனாள். பதினெட்டாம் நாள் அந்தப் பிள்ளையால் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை.

"ஏண்டி, உங்க சார்கிட்ட சொல்லக் கூடாதா?"

"சார்கிட்ட எப்படிம்மா கால நீட்டிக் காட்டறது? அவர் கேட்டார். எல்லாரும் இல்லன்னு கத்துனாங்க. நானும் கத்திட்டேன்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

மகள் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள்.

பயிற்சியாளர் கெட்டவர் அல்ல. நல்ல மனிதர்தான். ஆனால் ஊரில் இருந்த நான்கு சிறுமிகள் அணிகளில் ஒன்றுக்குக் கூடப் பெண் பயிற்சியாளர் கிடையாது. உரிமம் உள்ள பயிற்சியாளராகப் பெண்களும் இருக்க வேண்டும், அதற்குப் படிக்க வேண்டும், படிக்கச் செலவாகும். பழைய அணியில் ஊரில் மிச்சமிருந்த ஒன்பது பேர் கூடிப் பேசி ஒரு வழி கண்டார்கள். ஊரின் எந்தத் தெருவில் நின்றாலும் தெரிகிற கோபுர மலையில் ஏறுவது. வழியில் மூன்று குடில்கள், உச்சியில் ஒலிபரப்புக் கோபுரம். ஒவ்வொரு இடத்திலும் சீட்டில் முத்திரை. ஒவ்வொரு முத்திரைக்கும் தெரிந்தவர்கள் ஆளுக்கு இவ்வளவு பணம் என்று ஆதரவு எழுதித் தருவார்கள். நான்கு பேரைப் படிக்க வைத்துவிடலாம்.

பெரிய ஆதரவு டைல்ஸ் கடை முதலாளியிடமிருந்து வந்தது. வந்த விதம்தான் சரியில்லை.

"ஒம்பது பொம்பளைங்க ஒரு சினிமாவுக்குக் கூட ஒண்ணாக் கிளம்பிப் போய்ச் சேர மாட்டீங்களே. நீங்களா மலை ஏறப் போறீங்க?" என்று கடைப்பையன்கள் முன்னால் சிரித்தார். "சரி, ஒம்பது பேரும் கோபுரத்தத் தொட்டுட்டு வாங்க. மூணு பேர் படிப்பு என் பொறுப்பு. எட்டுப் பேர் தொட்டா ஒண்ணும் கிடையாது. சம்மதமா?"

"சம்மதம்" என்று கேப்டன் சொன்னாள். அப்போது முழங்கால் நன்றாகத்தான் இருந்தது. ஒரு மாதம் கழித்து வீங்கியது. மலை கிலை ஏறாதே என்று டாக்டர் எழுதிக் கொடுத்த தாளை அவள் அலமாரியில் விரித்திருந்த காகிதத்துக்கு அடியில் வைத்தாள். வைக்கும்போது, கடவுளே, ஒரே ஒரு நாள் மட்டும் இந்தக் காலைத் தாங்கிக் கொடு என்று கேட்டுக்கொண்டாள். ஒளித்து வைத்த கையோடு கேட்கிற வேண்டுதல் சரியாக மேலே போய்ச் சேருமா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

சலவைக் கூடத்தில் செருப்புப் பொய் சொன்னதற்கு மறுநாள் காலை ஆறு மணிக்கு வேன் அவர்களை அடிவாரத்தில் இறக்கிவிட்டது. ஒன்பது பேரும் ஒரே நிறத்தில் மஞ்சள் சட்டை போட்டிருந்தார்கள். கேப்டனின் நாத்தனார் தன் சட்டையைக் கீழே இழுத்து விட்டுக்கொண்டே வந்தாள். அவள் அந்நாளில் கோல் காத்தவள். அதனால் அவளுக்குக் கோலி என்று பெயர்.

"அண்ணி, இந்தச் சட்டையத் தச்சவன் என்னைப் பார்த்துத் தச்சானா, இல்ல கோல் கம்பத்தப் பார்த்துத் தச்சானா?"

"கம்பத்தப் பார்த்துத் தச்சிருந்தா உனக்குப் பத்தியிருக்காது" என்றாள் கணக்கு டீச்சர்.

"டீச்சர், நீங்க இன்னிக்கு மேல போய்ச் சேர்றதுக்குள்ள மூச்சுக் கணக்குத் தப்பாம பாத்துக்குங்க."

சிரித்தார்கள். வட்டமாக நின்றார்கள். கேப்டன் ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். நர்ஸ், கணக்கு டீச்சர், கோலி, பேக்கரி வைத்திருக்கும் அக்கா, மற்ற நால்வர். ஒன்பது பேரைக் கூட்டிப் போகிறேன், ஒன்பது பேரையும் திருப்பிக் கொடு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு கத்தினாள்.

"வலி?"

"இல்ல!"

முதல் குடில்வரை பாதை அகலமாக இருந்தது. பேச்சும் அப்படித்தான். யார் மாமியார் என்ன சொன்னார், யார் கணவன் பிள்ளைகளுக்கு என்ன சமைத்துக் கொடுத்து வயிற்றைக் கெடுக்கப் போகிறான் என்று கலகலவென்று போனது. கேப்டன் முன்னால் நடந்தாள். முன்னால் நடந்தால் நொண்டுவதை மறைப்பது கஷ்டம், பின்னால் நடந்தால் கேப்டன் ஏன் பின்னால் வருகிறாள் என்று கேட்பார்கள். அதனால் கையில் ஒரு கம்பை எடுத்துக்கொண்டாள். மலையில் கம்பு ஊன்றுவதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

இரண்டாவது குடிலுக்குப் பிறகு பாதை கல்படிகளாக மாறியது. பேச்சு குறைந்தது. கூழாங்கல் இப்போது முழங்காலுக்குள் உருண்டது. ஒவ்வொரு படியிலும் அவள் இடது காலை முதலில் வைத்து, வலதை இழுத்துச் சேர்த்தாள். பின்னால் எட்டு ஜோடிக் கால்களின் சத்தம் கேட்டது. அதில் ஒன்று மட்டும் தாளம் தப்பி வந்தது. யாருடையது என்று திரும்பிப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. திரும்பிப் பார்த்தால், அவர்களும் இவளை முன்பக்கமாகப் பார்ப்பார்கள்.

ஒரு திருப்பத்தில் நின்று கேட்டாள். "வலி?"

"இல்ல!"

ஏழு குரல்தான் ஒன்றாக வந்தது. எட்டாவது குரல் அரை நொடி பிந்தி வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது போல.

அதன் பிறகு கேப்டனுக்கு மலை கண்ணில் படவில்லை. காதில் அந்த அரை நொடிதான் இருந்தது. யார் அது? கேட்டுவிடலாமா? கேட்டால் அவள் நின்றுவிடுவாள். நின்றால் எட்டுப் பேர்தான். எட்டுப் பேர் என்றால் டைல்ஸ் கடைக்காரர் கையை விரித்துச் சிரிப்பார். மூன்று அணிப் பிள்ளைகள் அப்படியே நிற்பார்கள். கேட்காமல் விட்டால், இன்னும் ஒரு மணி நேரம், எல்லாம் முடிந்துவிடும். ஒரு மணி நேரம்தானே என்று அவள் தன் காலுக்கும் அந்தக் குரலுக்கும் சேர்த்துச் சமாதானம் சொன்னாள்.

மூன்றாவது குடிலில் வனக்காவலர் இருந்தார். வயதான மனிதர், நரைத்த மீசை, இரண்டு ஸ்வெட்டர்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருந்தார். ஒன்பது சீட்டுகளிலும் முத்திரை குத்திவிட்டு வானத்தைப் பார்த்தார்.

"சீக்கிரம் போனா சீக்கிரம் வரலாம்மா. பன்னண்டு மணிக்கு மேல பனி இறங்கிடும். இனிமே படி இல்ல, வெறும் பாறை. பத்து நிமிஷம் உட்கார்ந்துட்டுக் கிளம்புங்க."

உட்கார்ந்ததும் எல்லோரும் செய்த முதல் வேலை ஷூவைக் கழற்றியதுதான். பாறைமேல் ஷூக்கள் வரிசையாக வாய் பிளந்து கிடந்தன. நர்ஸ் விரல்களை நீவிக்கொண்டாள். கோலி காலுறையை உதறி, "தள்ளிப் போங்கடி, காத்து உங்க பக்கம் வீசுது" என்றாள்.

பேக்கரி அக்கா மட்டும் ஷூவைக் கழற்றவில்லை. சற்றுத் தள்ளி உட்கார்ந்து, எல்லோருக்கும் ரொட்டியைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கொடுக்க எழுந்திருக்கவும் இல்லை. ஒவ்வொருவரையும் தன்னிடம் வரச் சொல்லிக் கொடுத்தாள்.

கேப்டன் அந்த ஷூவையே பார்த்தாள். கயிறு மிக இறுக்கமாக, இரட்டை முடிச்சாகப் போடப்பட்டிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குப் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த காலுறை போட்ட ஒரு சின்னப் பாதம் நினைவுக்கு வந்தது. அன்றைக்குத் தன் மகள் ஏன் சுவரைப் பார்த்தாள் என்பது இந்தப் பாறையில் வந்துதான் அவளுக்குப் புரிந்தது. உடைந்த விரலைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிற தாயிடம் எந்தப் பிள்ளை வந்து வலிக்கிறது என்று சொல்லும்?

"அக்கா, ஷூவைக் கழட்டு" என்றாள்.

"எதுக்கு? எனக்குக் காத்து வேண்டாம். கோலி போட்டது போதும்."

"கழட்டுக்கா."

"ஒண்ணும் இல்ல கேப்டன். நேரமாகுது. கிளம்பலாம், வா."

எழுந்து கொள்வது போலப் பேக்கரி அக்கா பாறையில் கையை ஊன்றினாள். ஒரு காலைத் தரையில் வைக்கவே இல்லை. கேப்டன் தன் பேண்ட்டை முழங்காலுக்கு மேலே சுருட்டினாள். கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். முழங்கால் ஒரு சின்னப் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

நர்ஸ்தான் முதலில் பேசினாள், கோபமாக. "எத்தனை நாளா இது?"

"ஒரு மாசம். டாக்டர் ஏறாதேன்னார். நான்தான் மறைச்சேன். எனக்கு வலிக்குது. அடிவாரத்துலேருந்தே வலிக்குது."

பதினைந்து வருடத்தில் அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து அவர்கள் கேட்டதில்லை. பேக்கரி அக்கா மெல்ல உட்கார்ந்தாள். முடிச்சை அவிழ்க்க முடியாமல் விரல் தடுமாற, கோலி குனிந்து பல்லால் கடித்து அவிழ்த்தாள். ஷூ வந்தது. கூடவே வந்த காலுறையில் குதிகால் பக்கம் முழுக்க ரத்தம். கணுக்கால் நீலமாக ஊதியிருந்தது.

"ரெண்டாவது குடில் கிட்ட சறுக்கிட்டேன்" என்றாள் பேக்கரி அக்கா, தப்புச் செய்த குழந்தை போல. "ஒம்பது பேர்னு சொன்னீங்களே. நான் ஒருத்தி கெடுத்துடக் கூடாதேன்னு…"

நர்ஸ் தன் பையைத் திறந்து கட்டுப் போட்டாள். போட்டுக்கொண்டே சொன்னாள். "ரெண்டு பேரும் மேல ஏறக் கூடாது. ஏறினா என் பொணத்து மேலதான். அப்புறம் அதையும் தூக்கிட்டு வர நாலு பேர் வேணும்."

ஒன்பது, ஏழானது. அந்தக் கணக்கை டீச்சர் கூடச் சொல்லவில்லை. ஆனாலும் ஏழு பேர் மேலே போனால் நான்காவது முத்திரைக்கான சின்னச் சின்ன ஆதரவுகளாவது கிடைக்கும். கேப்டன் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிக் கோலியிடம் நீட்டினாள்.

"நானா? அண்ணி, நான் கோலி. எப்பவும் பின்னாடி நிக்கிறவ."

"பின்னாடி நின்னதால எல்லாரையும் பாத்தவ நீ. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ ஊது. எனக்குக் கேக்கணும்."

கோலி விசிலை மாட்டிக்கொண்டாள். ஆறு பேரும் அவளைச் சுற்றி வட்டமாக நின்றார்கள், பழைய கேள்விக்காகக் காத்து. அவள் வாயைத் திறந்தாள், மூடினாள், பிறகு பேச்சுக் குரலில் கேட்டாள்.

"எங்க எங்க வலிக்குது? ஒவ்வொருத்தரா சொல்லுங்க. இல்லன்னு சொன்னா உதைப்பேன்."

முதலில் தயக்கம். பிறகு ஒருத்தி, "இடுப்பு" என்றாள். இன்னொருத்தி, "கட்டை விரல்." "எனக்குத் தோள். பை கனம்." கணக்கு டீச்சர், "எனக்கு நெஞ்சு கொஞ்சம் இறுக்கமா இருக்கு, இழுப்பு மருந்து பையில இருக்கு" என்றாள். நர்ஸ், "எனக்குத் தலைவலி. எல்லாம் உங்களாலதான்" என்றாள். சிரித்துக்கொண்டே ஏறினார்கள். பையை இன்னொருத்தி வாங்கிக்கொண்டாள்.

கீழே இருவரும் காத்திருந்தார்கள். காவலர் ஒன்றும் கேட்காமல் தன் மேல் ஸ்வெட்டரைக் கழற்றி, சுருட்டி, கேப்டனின் முழங்காலுக்கு அடியில் வைத்தார். தன் நாற்காலியைப் பேக்கரி அக்காவுக்குக் கொடுத்துவிட்டு அவர் தரையில் உட்கார்ந்தார்.

பத்து நிமிடத்தில் விசில் கேட்டது. இருபதாவது நிமிடத்தில் மறுபடி, தூரத்தில். அதற்குள் பனி இறங்கத் தொடங்கியது. பன்னிரண்டு மணிக்கு மேல் என்றார் காவலர், பதினொன்றேகாலுக்கே வந்துவிட்டது. முதலில் கோபுரம் மறைந்தது. பிறகு பாறை. பிறகு பத்தடி தள்ளி நின்ற மரம்.

முப்பதாவது நிமிடத்தில் விசில் வரவில்லை.

"காத்து திசை மாறியிருக்கும்" என்றார் காவலர்.

நாற்பது. வரவில்லை. கேப்டன் எழுந்து நின்றாள். பேக்கரி அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கைகளும் சில்லிட்டிருந்தன. கோலிக்கு இரண்டு பிள்ளைகள், சின்னவனுக்கு நாலு வயது. காலையில் கிளம்பும்போது அவன் தூங்கிக்கொண்டிருந்தான். கடவுளே, கோபுரம் வேண்டாம், படிப்பு வேண்டாம், அந்த ஏழு பேரைக் கொடு. இந்தத் தடவை வேண்டுதலில் ஒளித்து வைக்க எதுவும் இல்லை. அவள் வாய்விட்டே கேட்டாள். காவலர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

ஐம்பத்தைந்தாவது நிமிடத்தில், வெள்ளைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "யாரு கால யாரு மிதிக்கிறா? டீச்சர், அது என் கால்!"

பிறகு மஞ்சள் சட்டைகள் தெரிந்தன. ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து. கடைசியாகக் கோலி, ஒரு கையால் கணக்கு டீச்சரைத் தாங்கியபடி.

"ஏண்டி ஊதல?" என்று கேப்டன் கத்தினாள். கத்தும்போதே அழுதுவிட்டாள்.

"மறந்துட்டேன் அண்ணி. டீச்சருக்கு மூச்சு இறுக்கிடுச்சு. மருந்தக் குடுத்து ரெண்டு கையையும் பிடிச்சுட்டு உட்கார்ந்துட்டேன். அப்புறம்…" அவள் தலையைக் குனிந்தாள். "கோபுரத்தோட கால் தெரிஞ்சுது. இன்னும் நாப்பது அடி இருக்கும். பனி வந்துடுச்சு. திரும்பிட்டேன். யாரும் தொடல."

ஒன்பது சீட்டுகளிலும் மூன்று முத்திரைகள். நாலாவது கட்டம் ஒன்பதிலும் காலியாக இருந்தது. ஏழும் பூஜ்யமானது. கேப்டன் நாற்பது அடி என்று மட்டும் ஒரு முறை நினைத்தாள். பிறகு டீச்சரின் வெளிறிய உதட்டைப் பார்த்தாள். கோலியை இழுத்துக் கட்டிக்கொண்டாள்.

காவலர் கனைத்தார். "மேல வைக்கிற முத்திரை எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு. நாப்பது அடி என்னம்மா பெரிய தூரம்? கண்ணால பாத்துட்டீங்க இல்ல. குடுங்க, குத்திடறேன். யாருக்குத் தெரியப் போகுது?"

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். யாரும் வேண்டாம் என்று உடனே சொல்லிவிடவில்லை. ஒருத்தி சீட்டைப் பையிலிருந்து பாதி எடுத்தும்விட்டாள். எல்லோரும் கேப்டனைப் பார்த்தார்கள். அவள் ரத்தம் தோய்ந்த காலுறையைப் பார்த்தாள். அது பாறைமேல் கிடந்தது.

"வேண்டாம் ஐயா" என்றாள். "நீங்க ஸ்வெட்டர் குடுத்தீங்க, அதுவே பெருசு. உண்மையச் சொல்லுங்கன்னு புள்ளைங்ககிட்ட கேக்கப் போறவங்க நாங்க."

டைல்ஸ் கடை முதலாளி சொன்னது சொன்னதுதான் என்றார். சிரிக்கவில்லை, அவ்வளவுதான். மூன்று முத்திரைகளுக்கு வந்த சின்ன ஆதரவுகளில், சலவைக் கூடத்துப் பெண்கள் எழுதித் தந்ததும் சேர்த்து, ஒருவர் படிக்க மட்டுமே வழி வந்தது. மற்ற மூன்று அணிகளும் அந்த வருடம் காத்திருக்க வேண்டியதுதான். அது கேப்டனுக்கு உறுத்தலாகவே இருந்தது, இருக்கட்டும் என்றும் விட்டாள். படிவத்தில் கோலியின் பெயரை அவளே எழுதினாள்.

"அண்ணி, எல்லாரும் நீன்னுதான நினைச்சுட்டு இருக்காங்க."

"நான் கேட்டா இல்லன்னுதான் எல்லாருக்கும் சொல்லிப் பழக்கம். நீ கேட்டா சொல்றாங்க. கையெழுத்துப் போடு."

படிப்பு முடித்து வந்த முதல் நாள், கோலி மைதானத்தில் சிறுமிகளை வட்டமாக நிறுத்தினாள். கேப்டன் ஓரத்துப் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சிறுமிகள் "இல்ல!" என்று கத்த மூச்சைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றார்கள்.

"எங்க எங்க வலிக்குது?" என்று கேட்டாள் கோலி.

பிடித்த மூச்சை என்ன செய்வதென்று தெரியாமல் பதினாறு பேரும் விழித்தார்கள். ஒரு நிமிடம் போனது. இரண்டும் போயிருக்கும்.

பெஞ்சிலிருந்து கேப்டன் கையை உயர்த்தினாள். "மிஸ், எனக்கு வலது முழங்கால்."

சிறுமிகள் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு அடங்கும்போது ஒரு மெல்லிய குரல், "மிஸ், எனக்குக் கை" என்றது. கோலி அவளிடம் போய்க் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

வட்டத்தின் மறுபக்கம் கேப்டனின் மகள் அம்மாவை ஒரு முறை பார்த்தாள். பிறகு புல்லில் உட்கார்ந்து, முதலில் ஷூவையும் அப்புறம் காலுறையையும் கழற்றத் தொடங்கினாள்.